வெட்டுப்பட்ட கடைசி வரி

ஜூன் 5, புதன்

ஞாயிறு இணைப்புக்கான அறிவியல் பக்கத்தை மதியத்துக்குள் அனுப்பிவிட்டேன். இந்த வாரம் நாலு செய்தி. பூமியின் நட்டநடுவில் இருக்கும் இரும்புக் கோளம் முன்பைவிட மெதுவாகச் சுற்றுகிறது. பாலைவனக் காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் பிடித்துத் தண்ணீராகத் தருகிறது ஒரு படிகத் தூள். தேனீ வகை ஒன்று எந்த லாபமும் இல்லாமல் சின்னப் பந்துகளை உருட்டி விளையாடுகிறது. நாலாவதுதான் பக்கத்தின் தலையில் வரப்போவது: தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோயில், அந்தச் சாவை நிறுத்துகிற ஒரு மூலக்கூறு.

உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ ராப்பகலாக ஆராய்ச்சி செய்கிறார்கள். உறையூரில் இரண்டாவது மாடியில் நைட்டியோடு உட்கார்ந்து அதையெல்லாம் தமிழில் சின்னச் சின்னப் பத்திகளாக ஆக்குவது என் வேலை. நான் பாடம் நடத்திய கல்லூரியில் ஆள் சேரவில்லை என்று வேதியியல் துறையையே மூடிய பிறகு கிடைத்தது. குறை சொல்லக் கூடாது. சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

என் முறை ஒன்றுதான். முதல் வரி ஆளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். சோதனையின் குறைகள், எச்சரிக்கைகள் எல்லாம் கடைசியில். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கும் கை அப்படியே பழகிவிட்டது. என் பத்திகளின் கடைசி வரியில் எப்போதும் ஓர் ‘ஆனால்’ உட்கார்ந்திருக்கும்.

மாலையில் முளைக்கீரை வாங்கினேன். ஒரு கட்டு ஒருத்திக்கு அதிகம். பாதி கேட்டால் கீரைக்காரம்மா முறைக்கிறார்.

ஜூன் 9, ஞாயிறு

பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். கீழே கால் பக்கத்துக்கு முடி எண்ணெய் விளம்பரம். அதற்கு இடம் பண்ண, பக்கம் கட்டுகிற பெனடிக்ட் எல்லாப் பத்திகளின் வாலையும் நறுக்கியிருக்கிறான். பத்திரிகையில் அதுதான் வழக்கம். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவார்கள். தேனீக்கு ஒன்றும் ஆகவில்லை. பூமிக்கும் ஆகவில்லை. நரம்புச் செய்தியில் மட்டும், ‘ஆனால் இந்தச் சோதனை எலிகளில் மட்டுமே நடந்திருக்கிறது, மனிதர்களுக்கு மருந்தாகுமா என்பது இன்னும் தெரியாது’ என்ற வரி முழுசாகப் போய்விட்டது. மிச்சத்தைப் படித்தால், நாளைக்கே மருந்துக் கடைக்குப் போய்க் கேட்கலாம் போல இருக்கிறது.

பெனடிக்டைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

“மேடம், கடைசி வரியில உயிரைக் கொண்டுபோய் வச்சா நான் என்ன பண்றது? நாங்க எப்பவுமே கீழேருந்துதான் வெட்டுவோம். அடுத்த வாரம் திருத்தம் போட்டுர்றேன், விடுங்க.”

விட்டேன். மாலையில் ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“மேடம், மன்னார்குடியிலேருந்து பேசுறேங்க. தனபாலன். கவர்மெண்ட் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். பேப்பர் ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி ஒங்க நம்பர வாங்குனேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

அவர் மனைவி அமிர்தவல்லி உயிரியல் ஆசிரியையாக இருந்தவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுமாம். இவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாராம். டீச்சருக்கு அந்த நோயேதான். முதலில் கை போனது, பிறகு கால், இப்போது நாக்கும் தொண்டையும். புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. கண் அசைகிறது. அவ்வளவுதான்.

“காலையில ஒங்க பக்கத்தைப் படிச்சுட்டு நான் என்னா பண்ணேன் தெரியுமா மேடம்? பாயசம் வச்சேன். ரெண்டு வருஷத்துக்கு அப்பறம் எங்க வீட்டுல பாயசம். டீச்சருக்கும் ரெண்டு ஸ்பூன் எறங்குச்சு.”

அவர் எதுவும் கேட்கவில்லை. எப்போது வரும், எங்கே கிடைக்கும், என்ன விலை, ஒன்றுமே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பாயசம் வைத்திருக்கிற வீட்டுக்குள் நானாக எப்படி எலியை விடுவது? திருத்தம் வந்தால் அவரே பார்த்துக்கொள்வார்.

போனை வைத்த பிறகு தொண்டை வலித்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை.

ஜூன் 12, புதன்

பக்கம் போயிற்று. தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது நம் காதுக்கு எட்டாத உச்சத்தில் சொடக் சொடக்கென்று சத்தம் போடுகிறதாம். பிடித்திருந்தது. புனேயில் இருக்கும் மகன் அருள்மொழிக்கும் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

ஜூன் 16, ஞாயிறு

திருத்தம் வந்துவிட்டது. இணைப்பின் இரண்டாம் பக்கம், கீழ் மூலை. ‘சென்ற வாரம் வெளியான செய்தி ஒன்றில் குறிப்பிட்ட ஆய்வு விலங்குகளில் நடத்தப்பட்டது. விடுபட்டமைக்கு வருந்துகிறோம்.’ எந்தச் செய்தி, எந்த ஆய்வு, எந்த விலங்கு, ஒன்றும் இல்லை. எழுதியவளுக்கே தேடித்தான் கிடைத்தது.

மாலையில் தனபாலன் சார் கூப்பிட்டார். திருத்தத்தைப் பற்றி மூச்சே இல்லை. தக்காளிச் செடி பற்றித்தான் பேச்சு. முழுப் பக்கத்தையும் டீச்சருக்கு வாசித்துக் காட்டினாராம். டீச்சரோடு அவர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டேன். டெய்லி காலண்டரின் பின் அட்டையில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வரிசை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டுவார். வேண்டிய வரிசை வந்ததும் டீச்சர் கண்ணை மேலே தூக்குவார். பிறகு அந்த வரிசையில் ஒவ்வோர் எழுத்தாக.

“தக்காளியப் படிச்சு முடிச்சதும் அட்டையக் கேட்டா மேடம். ஏதோ பெருசா சொல்லப் போறான்னு நானும் எழுத்தெழுத்தா சேத்துக்கிட்டே வந்தேன். கடைசில பாத்தா, ‘கொல்லைச் செடிக்குத் தண்ணி ஊத்து’ங்குறா! முக்கா மணி நேரம் இதுக்கு!”

சிரித்தேன். சத்தமாக. அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

திருத்தத்தைப் பார்த்தீர்களா சார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், “அடுத்த ஞாயித்துக்கிழமையும் பேசலாமா மேடம், தொந்தரவா இருக்காதே?” என்றார். தாராளமாக என்று சொல்லிவிட்டேன். அச்சில் வந்தாயிற்று. பேப்பரில் போட்டதை நான் வேறு வாயால் சொல்ல வேண்டுமா?

ஜூன் 20, வியாழன்

புது சார்ஜர் வாங்கினேன். பழையது நினைத்தால் வேலை செய்கிறது, நினைத்தால் படுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்காக இல்லை. எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இனி சமையலைச் சீக்கிரம் முடித்துக்கொள்வது நல்லது. மாலையில் குக்கர் விசில் அடித்தால் எதுவும் காதில் விழாது.

ஜூன் 23, ஞாயிறு

இன்றும் மாலையில் தனபாலன் சார் கூப்பிட்டார்.

டீச்சர் மெலிந்துகொண்டே வருகிறாராம். விழுங்க முடியவில்லை, எது கொடுத்தாலும் புரையேறுகிறது. நான் சும்மா, டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“தஞ்சாவூர் டாக்டர் போன மாசமே சொல்லிட்டாரு மேடம். வயித்துல ஒரு குழாய் போட்டு, நேரா அதுலயே சாப்பாடு குடுக்கணும்னு. மூச்சு இன்னும் கொறைஞ்சா மயக்கம் குடுக்க முடியாது, இப்பவே போட்டுறணும்னு ஜூன் பத்தாந்தேதி வரச் சொன்னாரு. நல்லவேளை, ஒங்க பக்கம் ஒம்பதாந்தேதியே வந்துச்சு. போவல. மருந்து வந்தா தொண்டை சரியாயிரப் போவுது, எதுக்கு அவ வயித்துல ஓட்டையப் போட்டுக்கிட்டு?”

‘சார், அது எலிக்குத்தான்.’ இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாயிலிருந்து வந்தது வேறு.

“டாக்டர் சொல்றபடி கேளுங்க சார்.”

“நீங்களே இப்புடிச் சொன்னா எப்புடி மேடம்? எழுதுனதே நீங்கதானே.”

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஏன் சொல்லவில்லை என்று காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்பது ஒரு பதில். அது பாதிப் பொய். அவர் கோபித்துக்கொள்வார் என்ற பயமும் இல்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு போன் வராது. அதுதான்.

எழுதிவிட்டுப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 25, செவ்வாய்

நானே கூப்பிட்டேன். இன்று சொல்லியே தீருவது என்றுதான்.

“மேடம், நீங்களா!” என்று அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. உடனே பின்னால் ஓர் இருமல் தொடங்கியது. இருமல் என்றும் சொல்ல முடியாது. இருமுவதற்குக்கூடப் பலம் இல்லாமல் உள்ளேயே இழுத்துக்கொண்டு கிடக்கிற ஒரு சத்தம். “தண்ணி பொரையேறிடுச்சு, நிமுத்தி உக்கார வைக்கணும், அப்பறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார்.

நான் திரும்ப அழைக்கவில்லை. போனில் என்னால் முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஆளிடம் நழுவுவது எனக்குச் சுலபமாக வருகிறது. நேரில் போகிறேன். நாளைக்குப் பக்கம் அனுப்ப வேண்டும். வியாழன் போகிறேன்.

ஜூன் 27, வியாழன்

தஞ்சாவூர் போய் அங்கிருந்து மன்னார்குடி பஸ். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எழுதி எழுதி அடித்தேன். முதல் வரியை எப்படி வைத்தாலும் சரியாக வரவில்லை.

பெரிய தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். தனபாலன் சார் நான் நினைத்ததைவிடக் குள்ளம். யாரென்று சொன்னதும் வாயெல்லாம் பல்லாக, “டீச்சர், யாரு வந்துருக்கான்னு பாரு!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்.

சாய்த்து வைத்த கட்டிலில் டீச்சர். தலையை வகிடெடுத்து வாரி, நெற்றியில் பொட்டு வைத்து, இஸ்திரி போட்ட பருத்திப் புடவையை மேலே போர்த்தியிருந்தார். எல்லாம் தனபாலன் சாரின் கைவேலை. புடவைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. எதிரே பீரோ கதவில் என் பத்தி ஒட்டியிருந்தது. கண் விழித்தால் அதில்தான் விழிக்க வேண்டும் என்று ஒட்டினாராம்.

அவர் காபி போடப் போனார். டீச்சர் என்னைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது நானே பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

காபி வந்ததும் குடிக்காமல் சொன்னேன்.

“சார், அது எலிகள்ல பண்ண சோதனை. மனுஷங்களுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் இல்ல. வருமான்னே தெரியாது. வந்தாலும் எத்தனை வருஷம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. கடைசி வரியில அதை எழுதியிருந்தேன், இடம் இல்லன்னு வெட்டிட்டாங்க. வெட்டினது எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க மொத தடவை பேசினப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் கையில் தம்ளர் அப்படியே நின்றது. பொங்கி வருவார் என்று காத்திருந்தேன், வரவில்லை. டீச்சரின் கண் மட்டும் அட்டை மாட்டியிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தது. சார் எழுந்திருக்கவில்லை. நான்தான் அட்டையை எடுத்தேன்.

எனக்கு வேகம் பிடிபடவில்லை. விரலை ஓட்டுவதும், கண் மேலே போவதைத் தவறவிடுவதும், முதலிலிருந்து தொடங்குவதுமாக இருந்தேன். ‘எ’ வந்தது. பிறகு ‘த்’. மறுபடியும் ‘த்’ என்றதும் கேட்டேன்.

“எத்தனை? எத்தனை எலின்னு கேக்குறீங்களா டீச்சர்?”

கண் மேலே போனது.

“நாப்பத்திரண்டு.”

டீச்சர் ஒரு நீண்ட கணம் கண்ணை மூடித் திறந்தார். போதாது என்பதைச் சொல்ல அதற்குமேல் எழுத்து வேண்டியிருக்கவில்லை. இந்த நோய் வந்த உடம்போடு கிடந்துகொண்டு, தன் உயிர் சம்பந்தப்பட்ட சோதனையில், எத்தனை எலி என்று கேட்ட அந்த மனுஷியின் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் தனபாலன் சார் வாய் திறந்தார்.

“மொத ஞாயித்துக்கிழமையே கேட்டா. நான் படிச்சு முடிச்ச ஒடனேயே, ‘எதுல பண்ணாங்க’ன்னு அட்டையில கேட்டா. ஒங்களுக்குப் போன் போடுறப்பல்லாம் அந்தக் கேள்வியத்தான் கண்ணுல வச்சுக்கிட்டு என்னையே பாப்பா. நான் போனத் தூக்கிக்கிட்டுக் கொல்லைப் பக்கம் போயிருவேன்.” தம்ளரைக் கீழே வைத்தார். “நீங்க சொல்லலன்னு அழுவுறீங்க. நான் கேக்கலையேம்மா.”

அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் மறுபடி அட்டையைக் கேட்டார். இந்தத் தடவை சாரே பிடித்தார். அவர் விரல் ஓடுவதும் டீச்சர் கண் தூக்குவதும் ஒரு வேகத்தில் இருந்தது. “கு... ழா... சரி, சரி டீச்சர். குழாய்தானே? போட்டுருவோம். நாளைக்கே போவோம்” என்றார். பிறகு பீரோ அருகே போய், நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்தப் பத்தியைப் பிய்த்து எடுத்தார். பாதி வந்தது, பாதி கதவோடு ஒட்டிக்கொண்டது.

ஜூன் 28, வெள்ளி

தஞ்சாவூரில் சேர்த்துவிட்டதாக ஒரே ஒரு செய்தி வந்தது. ‘நல்லது சார்’ என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது?

ஜூலை 1, திங்கள்

நேற்று போன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவர் எப்படிக் கூப்பிடுவார்? தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன். வீட்டில் நாலு தலையணை எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜூலை 3, புதன்

பக்கம் அனுப்பினேன். ஒரு செய்தி ‘எலிகளில் நடந்த ஒரு சோதனையில்’ என்று தொடங்குகிறது. பெனடிக்ட் உடனே கூப்பிட்டான்.

“மேடம், எலின்னு ஆரம்பிச்சா எவன் மேடம் படிப்பான்?”

“படிக்க வேண்டாம். கை வச்சா நான் இனிமே எழுத மாட்டேன்.”

“சரி சரி, ஏன் இவ்ளோ சூடு” என்று வைத்துவிட்டான்.

மதியம் தனபாலன் சார் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார். மூச்சை அளக்கிற ஒரு மிஷினில் டீச்சரை ஊதச் சொன்னார்களாம். ஊதியது போதவில்லை. மயக்கம் கொடுத்தால் மூச்சு திரும்ப வராமலே போகலாம், இனி வயிற்றில் குழாய் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூக்கு வழியாகச் சின்னக் குழாய் போட்டிருக்கிறார்கள். அது உறுத்துகிறது, கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, துடைத்துவிடத் தானாகக் கை வராது. வயிற்றுக் குழாய் அளவுக்கு நாள் தாங்காதாம்.

“பத்தாந்தேதி வந்துருந்தா செஞ்சிருக்கலாம்னாரு டாக்டரு. அப்ப மூச்சு நல்லாருந்துச்சாம்.”

பழி சொல்கிற குரல் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஒன்பதாம் தேதி மாலையே நான் வாயைத் திறந்திருந்தால், மறுநாள் காலை அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் கிடைத்தது. அதை டீச்சரின் மூச்சிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இதைச் சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

சாயங்காலம் ஆகியும் போன் வரவில்லை. வராது என்று தெரியும். கூப்பிட எனக்கு முகம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கூப்பிட்டேன்.

நெடுநேரம் அடித்து எடுத்தார். வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

“டீச்சர் தூங்குறா. கஞ்சியும் பாலும் குழாயில போவுது. பொரையேறுறது இல்ல.”

“இந்த வாரம் பக்கம்...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன்.

“படிக்கலம்மா. இனிமே படிக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

“பரவால்ல சார்.”

இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அந்தப் பக்கத்தின் பேரில்தான். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தாலும் நியாயம்தான். “வச்சிடறேன் சார்” என்றேன்.

“வச்சிடாதீங்க.”

குரல் வேறாக இருந்தது.

“இந்நேரத்துக்கு வீடு ரொம்ப அமைதியாயிடுதும்மா. அவளும் தூங்கிர்றா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். நல்ல சேதி மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க. சும்மா லைன்ல இருங்க, போதும்.”

இருந்தேன். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் அடியில், இழுத்து இழுத்து விடுகிற டீச்சரின் மூச்சு கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் அழத் தொடங்கினார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.